டெல்பினின் காலி எடை

டெல்பினிடம் முதன்முதலாகத் திட்டு வாங்கியபோது எனக்கு அவள் பெயர்கூடத் தெரியாது. முத்தையாபுரத்தைத் தாண்டித் துறைமுகம் போகிற சாலையில் ஓர் எடைமேடை இருக்கிறது. அதை ஒட்டி என் டயர் கடை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், கடை திறந்த முதல் வாரத்தில், ஒரு லாரியின் பின்சக்கரத்தைக் கழற்றி எடைமேடையின் ஓரத்தில் சாய்த்து வைத்துவிட்டேன். உடனே ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் கிளம்பியது.

"யாருலே அது, மேடையில டயர வச்சது? எடைய ஏத்தி விடப் பாக்கியா?"

சாலை முழுக்கக் கேட்டது. செந்தில்முருகன் டயர்ஸ் என்று புதுப் பலகை மாட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கல்லாவில் உட்கார்ந்திருக்கிற ஆள் நான். என்னைப் பார்த்து 'லே'! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேராக அவள் அறைக்குள் போனேன். பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"ஐயோ, அண்ணாச்சியா? டிரைவர் பயலுவன்னு நெனச்சேன். தப்பா எடுத்துக்கிடாதிய. டயர மட்டும் எடுத்துருங்க, அண்ணாச்சி."

மரியாதை வந்ததே தவிர, டயர் விஷயத்தில் அவள் இம்மியும் இறங்கி வரவில்லை. நான்தான் டயரை எடுத்தேன். இன்றுவரை எங்கள் உறவு இப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

அவள் திரேஸ்புரத்துக்காரி. அப்பா கடலுக்குப் போனவர். அண்ணன்மார் இன்றைக்கும் மீன் ஏலத்தில் நிற்கிறவர்கள். இவள் பி.காம் முடித்து, ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே மேலாளரோடு சண்டை போட்டுவிட்டு, நேரே எடைமேடைக்கு வந்து உட்கார்ந்தாள். புருஷன் கிளைட்டனுக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. எட்டு மாதம் கடல், நாலு மாதம் வீடு. அந்த நாலு மாதமும் மனிதர் சாயங்காலமானால் இங்கே வந்து, அறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, இவள் லாரிக்காரர்களைத் திட்டுவதை வானொலி கேட்பதுபோல் ரசித்துக் கேட்பார். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான் போலிருக்கிறது.

எடைமேடை வேலை வெளியிலிருந்து பார்த்தால் சும்மா தெரியும். காலி லாரி வரும். அதை நிறுத்தால் காலி எடை. அது உப்பளத்துக்குப் போய்ச் சரக்கு ஏற்றித் திரும்பி வரும். இப்போது நிறுத்தால் பார எடை. இதிலிருந்து அதைக் கழித்தால் நிகர எடை, அதாவது உண்மையில் எவ்வளவு உப்பு என்பது. இந்தக் கழித்தலுக்குள்தான் அத்தனை தில்லுமுல்லும். காலி எடை போடும்போது டிரைவர் இறங்கிவிட்டு, பார எடைக்கு மட்டும் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பான். அவன் உடம்பும் உப்புக் கணக்கில் சேர்ந்துவிடும். அதற்குத்தான் டெல்பின் ஒரு சட்டம் வைத்திருந்தாள். இறங்கினால் இரண்டு தடவையும் இறங்கு, இருந்தால் இரண்டு தடவையும் இரு. துறைமுக வாசலில் அவள் போட்ட சீட்டு என்றால் மறுபடி நிறுத்துப் பார்க்கமாட்டார்கள். அதில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. இருக்கவேண்டியதுதான்.

இந்த வேலையில் ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் சில சமயம் அரை மணி நேரம் கிடைக்கும், சில சமயம் அரை நிமிடம். மற்றவர்கள் போனை நோண்டுவார்கள். இவள் புத்தகம் படித்தாள். முதலில் பெரிய பெரிய நாவல்களாகக் கொண்டுவந்தாள். யார் யாருக்கு மச்சான் என்று நினைவு வருவதற்குள் அடுத்த லாரி ஆரன் அடித்துவிடும். எரிச்சலாகி, ஒருநாள் குழந்தைகள் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தாள். இரண்டு லாரிக்குள் ஓர் அத்தியாயம் முடிந்தது. பத்து லாரியில் புத்தகம் முடிந்தது. "அண்ணாச்சி, நமக்குன்னே எழுதிருக்கான்," என்று சொல்லிக்கொண்டு என் கடைக்கே ஓடிவந்தாள். அதன்பிறகு சிறுவர் புத்தகம், பதினைந்து பதினாறு வயதுக்காரர்களுக்கான புத்தகம் தவிர வேறெதையும் அவள் தொட்டு நான் பார்க்கவில்லை.

படித்தால் சும்மா இருக்கிற வாயா அது? ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு வலைப்பூ தொடங்கினாள். பெயர் 'நிகர எடை'. லாரியை நிறுக்கிற மாதிரியே புத்தகத்தையும் நிறுப்பாள். மொத்தப் பக்கம் பார எடை. முன்னுரை, அணிந்துரை, வாழ்த்துரை, கதைக்கு நடுவில் யாராவது நின்று பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்கிற பக்கங்கள் எல்லாம் காலி எடை. அதைக் கழித்து மிஞ்சுவதுதான் கதை. ஒரு புத்தகத்தைப் பற்றி இப்படி எழுதியிருந்தாள்:

"பார எடை நூற்றிருபது பக்கம். நான்கு பெரியவர்கள் முன்னால் நின்று வாழ்த்துகிறார்கள்; நால்வரில் ஒருவருக்கும் கதை தெரியவில்லை. கதைக்குள் போனால் தாத்தா மூச்சுவிடாமல் பேசுகிறார். காலி எடை நூற்றுப் பன்னிரண்டு. நிகரம் எட்டுப் பக்கம். அந்த எட்டில் வருகிற குரங்கு அருமை. குரங்குக்காக வாங்கலாம்."

படித்துவிட்டு நான் கடையில் தனியாகச் சிரித்தேன். லாரிக்காரர்களும் படித்தார்கள். சீட்டு வாங்கும்போது, "அக்கா, நாலாப்பு படிக்க புள்ளைக்கு நல்லதா ஒண்ணு சொல்லுங்க," என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

போன வருடம் செப்டம்பரில் சேலத்திலிருந்து உமாராணி என்ற பெண் போனில் கூப்பிட்டார். வங்கியில் வேலை, அவரும் வலைப்பூ எழுதுகிறவர். இப்படிக் குழந்தைகள் புத்தகம் பற்றி எழுதுகிற நாற்பது ஐம்பது பேர் சேர்ந்து 'கொடுக்காப்புளி விருது' என்று ஒன்று நடத்துகிறார்கள். பதிப்பகத்தார் கிடையாது, மேடை கிடையாது, பொன்னாடை கிடையாது. வாசகர்கள் யார் வேண்டுமானாலும் புத்தகத்தை முன்மொழியலாம். முதல் சுற்றில் ஐந்து நடுவர்கள் எல்லாவற்றையும் படித்து ஐந்து புத்தகங்களைப் பொறுக்குவார்கள். இரண்டாம் சுற்றில் வேறு ஆட்கள் அந்த ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். ஜெயிக்கிறவருக்கு ஒரு சான்றிதழும் ஒரு பை கொடுக்காப்புளியும் போகும்.

"சிறுவர் நாவலுக்கு நீங்க முதல் சுற்று நடுவரா வரணும் அக்கா," என்று உமாராணி கேட்டார்.

டெல்பின் உடனே சரி என்றாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் மறுபேச்சுப் பேசாமல் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஒன்பது வருடமாக அவள் எழுதியதை லாரிக்காரர்களும் நானும் படித்தோம். கிளைட்டன் கப்பலில் சிக்னல் கிடைத்தால் படித்தார். புத்தக உலகத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டு, நீயும் நடுவர் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. விருதின் இணையப் பக்கத்தில் நடுவர்கள் பட்டியல் வந்தது: மதுரையில் ஒரு பல் டாக்டர், சிங்கப்பூரில் ஒரு அம்மா, புதுச்சேரியில் ஒரு கல்லூரி மாணவி, திண்டுக்கல்லில் ஒரு தபால்காரர், ஐந்தாவதாக 'டெல்பின், எடைமேடை, தூத்துக்குடி'. அதை அவள் ஒரு நாளைக்கு இருபது தடவை திறந்து பார்ப்பாள். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நானும் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தேன்.

முப்பத்தொரு புத்தகங்கள் வந்தன. எடைமேடை அறையில் கூரியர் வாங்க ஆள் நிலையாக இருக்காது என்று என் கடை முகவரியைக் கொடுத்துவிட்டாள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே. டயர் வாங்க வந்தவனெல்லாம், "அண்ணாச்சி, லைப்ரரி வச்சிருக்கியளா?" என்று கேட்டான். அடுக்கிய டயர்களுக்கு நடுவில் இருக்கிற குழியில் புத்தகங்களைப் போட்டு வைத்தேன். அவள் வந்து ஒவ்வொன்றாகக் கிணற்றில் வாளி விடுகிற மாதிரி குனிந்து எடுத்துப் போவாள்.

அப்படி எடுத்ததில் ஒன்று 'கப்பலுக்குப் பட்டப்பெயர்'. அறுபத்து நாலே பக்கம். சாகுபுரத்தில் தையற்கடை வைத்திருக்கிற பேச்சிச்செல்வி என்பவர் எழுதித் தானே இருநூறு பிரதி அச்சடித்தது. வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பலுக்கெல்லாம் பட்டப்பெயர் வைக்கிற ஒரு பதினொரு வயதுக்காரி. ஒரு கப்பலுக்குச் 'சளிமூக்கன்' என்று பெயர் வைத்துக் கடிதம் எழுதுகிறாள். அந்தக் கப்பலிலிருந்து பதில் வந்துவிடுகிறது. அவ்வளவுதான் கதை. டெல்பின் அதைப் படித்த அன்று இரண்டு லாரி மேடையில் ஏறி நின்று ஆரன் அடித்தும் அவள் தலை நிமிரவில்லை. மூன்றாவது டிரைவர் என்னிடம் வந்து, "அக்காவுக்கு ஒடம்புக்கு ஏதும் முடியலியா?" என்று விசாரித்தான்.

"அண்ணாச்சி, ஒரு வரி அறிவுரை கிடையாது. முன்னுரைகூட கிடையாது. காலி எடை சைபர்! இப்படி ஒரு வண்டி நம்ம மேடையில ஏறுனதே இல்ல," என்றாள் அவள்.

அதே முப்பத்தொன்றில் 'சேட்டை மாரி திருந்தினான்' என்று ஒன்றும் இருந்தது. நாசரேத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அருமைநாயகம் எழுதியது. தொண்ணூற்றாறு பக்கம். டெல்பின் படித்துவிட்டு, "மாரி திருந்துதானோ இல்லியோ, நான் திருந்திட்டேன். இனிமே இந்த மாதிரி புக்க எடுக்க மாட்டேன்," என்றாள்.

நவம்பர் கடைசியில் மதிப்பெண் போட்டு அனுப்பினாள். உமாராணி அனுப்பிய எக்செல் தாளில் நாலு கட்டம்: கதை, மொழி, படம், காலி எடை. ஒவ்வொன்றுக்கும் பத்து. ஆமாம், காலி எடை என்றே போட்டிருந்தது! உமாராணிக்கு இவள் வலைப்பூ ரொம்பப் பிடிக்குமாம். டெல்பினைப் பெருமைப்படுத்த அவள் வார்த்தையையே விருதுக்கு எடுத்துக்கொண்டாராம். இவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தாளை என்னிடம் காட்டினாள், டிரைவர்களிடம் காட்டினாள், கிளைட்டனுக்குப் படம் பிடித்து அனுப்பினாள்.

டிசம்பர் முதல் புதன்கிழமை, காலை பத்து மணிக்கு ஐந்து புத்தகங்களின் பட்டியல் வெளிவந்தது. பத்து ஐந்துக்கு டெல்பின் என் கடை வாசலில் நின்றாள்.

"அண்ணாச்சி, இத வாசிங்க. எனக்குக் கண்ணு சரியில்லையோன்னு இருக்கு."

வாசித்தேன். ஐந்து பெயர். கப்பல் இல்லை. ஐந்தாவதாக மாரி திருந்தியிருந்தான்.

என் கடையில் நின்றபடியே உமாராணிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"உமாராணி, கப்பல் புக் எங்க போச்சு?"

"ஒரே ஒரு மார்க்ல போயிடுச்சு அக்கா. மாரி நூத்தம்பத்திரண்டு, கப்பல் நூத்தம்பத்தொண்ணு. எனக்கே வருத்தம்தான். ஆனா நீங்களே காலி எடைக்கு சைபர் போட்டிருந்தீங்களே? மாரிக்கு ஒம்போது போட்டிருந்தீங்க. உங்களுக்கு மாரிதான் பிடிச்சிருக்குன்னு நெனச்சேன்."

"காலி எடைன்னா கழிக்கதுக்குல்லா?"

"அக்கா, கீழ குறிப்பு போட்டிருந்தேன். அறிவுரை எவ்வளவு கம்மியோ அவ்வளவு மார்க் அதிகம்னு. எல்லாத்தையும் கூட்டத்தான் செஞ்சோம். மத்த நாலு பேரும் குறிப்பைப் பார்த்துத்தான் போட்டாங்க."

டெல்பின் குறிப்பைப் படிக்கவில்லை. ஏன் படிக்கப்போகிறாள்? அவள் வார்த்தைக்கு அவளுக்கே யாராவது விளக்கம் எழுதுவார்களா? பன்னிரண்டு வருடமாக அந்தக் கட்டத்தில் எண்ணைப் போட்டால் எந்திரம் கழித்துக் கொடுக்கும். அந்தப் பழக்கத்தில், அறிவுரை நிறைந்த புத்தகத்துக்கு ஒன்பது, இல்லாததற்குச் சைபர் என்று போட்டுவிட்டாள். அதை அவர்கள் கூட்டிவிட்டார்கள். அவள் உயிரான கப்பலுக்கு அவள் கையால் கிடைத்தது மொத்தம் இருபத்தேழு. திட்டித் தீர்த்த மாரிக்கு இருபத்தொன்பது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டே சிரித்துவிட்டேன். பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவர்கள் வீட்டில் கைக்குட்டையை லேஞ்சி என்பார்கள். "என் லேஞ்சிய எங்க வச்சேன்," என்று இடுப்பில் தேடிக்கொண்டே அவள் திரும்பி நடந்தபோது, என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

மறுநாள் மத்தியானம் அவள் அறையில் போய் உட்கார்ந்தேன்.

"ஏளா, இதுக்குப் போயி ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? தப்பா போட்டுட்டேன், மாத்திக்கிடுங்கன்னு சொல்லு. முடிஞ்சு போச்சு."

"சொன்னா என்ன சொல்லுவாவ தெரியுமா? சாகுபுரம் தூத்துக்குடிக்குப் பக்கத்துலல்லா இருக்கு? பக்கத்து ஊருக்காரி புக்கு வரலன்னதும் இவ மார்க்க மாத்துதான்னு சொல்லுவாவ. எனக்கு அந்தப் பொம்பளைய யாருன்னே தெரியாது, அண்ணாச்சி. யாரு நம்புவா?"

அதோடு போகவில்லை. போனை எடுத்துக் காட்டினாள். நாசரேத்தில் அருமைநாயகம் சாரின் பழைய மாணவர்கள் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். சார் ஒரு தட்டு நிறைய மக்ரூன் வைத்துக்கொண்டு தெருவில் எல்லோருக்கும் கொடுக்கிற படம். வெள்ளைச் சட்டை, வழித்துச் சீவிய தலை, வாயெல்லாம் பல்.

"இவர்ட்ட போயி, சார் நீங்க இல்லன்னு சொல்லணும்."

"அப்ப விட்டுரு. யாருக்குத் தெரியப் போவுது?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நாற்காலியோடு சேர்த்து நான் சுருங்கிவிட்டேன்.

"நாளைக்கு ஒரு லாரிக்குத் தப்பா சீட்டு போட்டுட்டு, யாருக்குத் தெரியப் போவுதுன்னு நான் சொன்னா, நீங்க என்ன எடைமேடையில வச்சிருப்பியளா?"

நான் எடைமேடை முதலாளி இல்லை என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, சொல்லாமல் எழுந்து வந்தேன்.

இரண்டு நாள் அவள் யாரையும் திட்டவில்லை. ஒலிபெருக்கியில் "அடுத்த வண்டி வரலாம்" என்று பேருந்து நிலைய அறிவிப்பு மாதிரி ஒரு குரல் வந்தது. டிரைவர்களுக்குப் பயமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சங்கரபாண்டியன் என்ற டிரைவர் உப்பு ஏற்றிக்கொண்டு வந்தான். காலையில் காலி எடைக்கு இறங்கிப் போய் டீ குடித்தவன், இப்போது பார எடைக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஜம்மென்று உட்கார்ந்திருந்தான். அவளுக்குப் பொறுக்கவில்லை. பழைய குரல் வெடித்தது.

"ஏலே சங்கரபாண்டி! காலைல இறங்குனேல்லா? இப்பவும் இறங்கு! பாதிக்கு இறங்கிட்டுப் பாதிக்கு ஏறுத வேலையெல்லாம் இங்கன வச்சுக்கிடாத. இறங்குனா ரெண்டு தடவையும்..."

அப்படியே நின்றுவிட்டது. ஒலிபெருக்கியில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. சங்கரபாண்டியன் இறங்கிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். என்ன ஆயிற்றோ என்று நான் ஓடினேன்.

"அண்ணாச்சி, நான் இறங்கிட்டாப் போதும். எல்லா புக்குக்கும் இறங்கிடணும்," என்றாள் டெல்பின்.

எனக்கு விளங்கவில்லை. அவள் விளக்கினாள். விருதில் ஒரு விதி உண்டு: நடுவர் ஒருவர் விலகிக்கொண்டால் அவர் போட்ட மதிப்பெண் முழுவதையும் எடுத்துவிட்டு, மற்றவர்களுடையதை மட்டும் கூட்டுவார்கள். கப்பலுக்கு மட்டும் மதிப்பெண்ணை மாற்றினால் அது பாரபட்சம். முப்பத்தொரு புத்தகத்துக்கும் அவள் எடை இல்லை என்றால் யாரும் எதுவும் சொல்ல முடியாது. ஆனால் அப்போது கப்பல் உள்ளே வருமா வராதா என்பது அவள் கையில் இல்லை. மாரியே நிலைத்தாலும் நிலைக்கலாம். ஒன்று மட்டும் நிச்சயம். நடுவர் பட்டியலில் அவள் பெயர் இருக்காது.

"ஒம்பது வருசம் கழிச்சு வந்ததுளா," என்றேன்.

"தெரியும், அண்ணாச்சி. அத ஞாபகப்படுத்தாதிய."

அன்றைக்கே வலைப்பூவில் எழுதினாள். தலைப்பு 'தப்புச் சீட்டு'. எடைமேடையில் தவறாகப் போட்ட சீட்டை அடித்துத் திருத்தக்கூடாது. 'ரத்து' என்று எழுதி அப்படியே கோப்பில் வைக்கவேண்டும். அதுபோல் முப்பத்தொரு புத்தகத்துக்கும் தான் போட்டதையும் போட நினைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டாள். கீழே இப்படி:

"என் வார்த்தைக்கு நானே பொருள் தெரியாமல் எண் போட்டேன். திருத்திய எண்ணைச் சேர்த்தால் எனக்குப் பிடித்த புத்தகம் உள்ளே வந்துவிடும். அதனால்தான் சேர்க்கவேண்டாம் என்கிறேன். நான் விலகிக்கொள்கிறேன். அருமைநாயகம் சாரிடமும் மற்ற எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தவறு என்னுடையது, உமாராணியுடையது அல்ல."

சனிக்கிழமை மத்தியானம் உமாராணி கூப்பிட்டார். நால்வர் மதிப்பெண்ணை மட்டும் கூட்டியிருந்தார்கள். கப்பல் நூற்று இருபத்து நாலு. மாரி நூற்று இருபத்து மூன்று. மற்ற நான்கு புத்தகங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன.

டெல்பின் மைக்கை அணைக்காமல் விட்டிருந்தாள். "சேசுவே!" என்று அவள் போட்ட கூச்சல் துறைமுகச் சாலை முழுக்கக் கேட்டது. மேடையில் நின்ற லாரிக்காரன் தன் வண்டியில்தான் ஏதோ தப்பு என்று பயந்து கீழே குதித்துவிட்டான்.

சாகுபுரத்திலிருந்து பேச்சிச்செல்வி போன் செய்து அழுதார். இவளும் அழுதாள். தையற்காரரும் எடைமேடைக்காரரும் மாறி மாறி அழுவதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். இறுதிச் சுற்றில் கப்பல் ஜெயித்ததா என்று கேட்பீர்கள். இல்லை. கொடுக்காப்புளிப் பை தேனிக்காரர் ஒருவருக்குப் போனது. ஆனால் பேச்சிச்செல்வியின் இருநூறு பிரதியும் காலியாகி, இன்னும் அச்சடிக்கிறார். அது போதாதா?

இங்கேதான் வேறு தொல்லை. இணையத்தில் ஆளாளுக்கு எழுதினார்கள். நிறையப் பேர் பாராட்டினார்கள். ஆனால் டெல்பின் கண்ணில் பட்டது பெயர் போடாத ஒரு ஆள் எழுதியதுதான்: 'எடைமேடைக்காரிக்கே எடை போடத் தெரியவில்லை.' டிரைவர்கள் சீட்டு வாங்கும்போதெல்லாம், "அக்கா, இது கூட்டுன எடையா, கழிச்ச எடையா?" என்று கிண்டல் செய்தார்கள். அதற்குச் சிரித்தாள். ஆனால் ஒரு மாதமாக வலைப்பூவில் ஒரு வரி எழுதவில்லை. புத்தகம் வந்தால் என் டயருக்குள் அப்படியே கிடந்தது. "இனிமே நான் எத நிறுத்து என்ன சொல்ல, அண்ணாச்சி? எவன் நம்புவான்?" என்றாள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். டயர்க்காரன் சொல் எடுபடவில்லை.

பொங்கல் முடிந்த சனிக்கிழமை காலை, எடைமேடை முன்னால் ஓர் ஆட்டோ வந்து நின்றது. வெள்ளைச் சட்டை, வழித்துச் சீவிய தலை. போனில் படத்தில் பார்த்த அதே முகம், பல்லைத்தான் காணோம். கையில் ஒரு துணிப்பை.

"இங்க டெல்பின் யாரு?" என்று அதட்டினார்.

சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நான் கையில் ஸ்பேனரோடு போய் நின்றுகொண்டேன். டெல்பின் எழுந்து, கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"நான்தான் சார். தப்பு என்னோடது. ஒங்கள ரொம்ப சங்கடப்படுத்திட்டேன். மன்னிச்சிருங்க சார்."

"அது கெடக்கட்டும். ஃபிளெக்ஸக் கழட்டும்போது ஊரே பாத்துச்சு. அதுவும் கெடக்கட்டும்." நாற்காலியில் உட்கார்ந்து பைக்குள்ளிருந்து 'சேட்டை மாரி திருந்தினான்' ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "நீ எழுதுனத பூராவும் வாசிச்சேன். ஒம்பது வருசத்துக்கும் உள்ளத வாசிச்சேன். என் புஸ்தகத்துக்குக் காலி எடை பத்துக்கு ஒம்பதுன்னு போட்டிருக்க. சரி. நிகரம் எவ்வளவுன்னு போடல. போட்டுத் தா."

"சார்... நான் போட்டா சரியா இருக்குமா?"

"தப்பா போட்டத ஊரறிய ஒத்துக்கிட்ட ஆளு நீ. வேற யாருட்டப் போயி நான் கேக்க?"

டெல்பின் என்னைப் பார்த்தாள். நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன். அவள் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

லாரிகள் வந்தன, போயின. அவள் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, அறிவுரை வருகிற இடமெல்லாம் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே போனாள். சார் வெளியே பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். பரீட்சைத் தாளைத் திருத்துகிற வாத்தியாரின் முன்னால் நிற்கிற பையன்களை அவர் எத்தனை ஆயிரம் பேரைப் பார்த்திருப்பாரோ! இன்றைக்கு அவர் முறை. நான் டீ வாங்கி வந்தேன். அது ஆறிப்போனது.

கோடு விழாத பக்கங்களை அவள் என்னிடம் தள்ளினாள். "அண்ணாச்சி, இத வாசிங்க." மாரியின் ஆடு பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து, வருகைப் பதிவேட்டில் பாதியைத் தின்றுவிடுகிறது. வாத்தியார் பெயர் கூப்பிடுகிறார். தின்றது போக மிச்சமிருக்கிற பாதிப் பெயராகக் கூப்பிடுகிறார். 'சண்முக' என்றதும் நாலு பையன்கள் எழுந்து நிற்கிறார்கள். நான் நின்றுகொண்டே வாசித்தேன். நாலு பையன்களுக்குப் பிறகு ஆடும் கத்துகிறது. வாத்தியார் அதற்கும் 'ஆஜர்' போடுகிறார். என்னால் அடக்க முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வர.

சார் சட்டென்று திரும்பினார். "எந்த எடத்துல சிரிச்சிய?"

"ஆட்டுக்கு ஆஜர் போட்ட எடத்துல."

அவர் என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி அந்த இடத்தை உற்றுப் பார்த்தார், வேறு யாரோ எழுதியதுபோல.

டெல்பின் எந்திரத்திலிருந்து ஒரு வெற்றுச் சீட்டைக் கிழித்துப் பேனாவால் எழுதினாள். வண்டி எண் இருக்கிற இடத்தில் 'சேட்டை மாரி'. பார எடை தொண்ணூற்றாறு பக்கம். காலி எடை எண்பத்தைந்து. நிகர எடை பதினொன்று. எழுதியதை இரண்டு தடவை சரிபார்த்தாள். முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினாள்.

அருமைநாயகம் சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி எண்ணை வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

"பதினோரு பக்கம் இருக்கா? ஒண்ணுமே இருக்காதுன்னுல்லா நான் பயந்துக்கிட்டு வந்தேன்," என்றார்.